ஊழிய அழைப்பை ஒரே இரவில் முடிவு செய்யலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறைகளில் சிங்கப்பூரில் உள்ள தமிழ்த் திருச்சபைகள் பலவும் முகாம் நடத்துகின்றன. கடைசி இரவில், செய்தி முடிந்து பாடல் மெல்ல ஒலிக்கும் வேளையில், முழுநேர ஊழியத்துக்குத் தங்களை ஒப்புக்கொடுக்கிறவர்கள் முன்னே வரலாம் என்று பிரசங்கியார் அழைப்பார். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் கண்ணீரோடு போய் முழங்கால் போடுவார்கள். தலையில் கை வைத்து ஜெபிப்பார்கள். மறுநாள் எல்லாரும் பேருந்தேறி வீடு திரும்பிவிடுவார்கள். முன்னே வந்தவர்கள் யார் யார் என்று எழுதி வைக்கும் சபைகள் குறைவு. அவர்களை அடுத்த மாதம் உட்காரவைத்துப் பேசும் சபைகள் அதைவிடக் குறைவு. ஆண்டுக் கூட்டம் வந்தால் மட்டும், தமிழில் பிரசங்கிக்க ஆளில்லை, ஊரிலிருந்துதான் போதகரை வரவழைக்க வேண்டியிருக்கிறது என்று குறைப்பட்டுக்கொள்கிறோம்.

அந்த இரவுக்கும் குருப்பட்டத்துக்கும் நடுவே பத்து ஆண்டுக்கு மேல் இருக்கிறது. அந்தக் காலத்தில் அழைப்பை எப்படிச் சோதித்துப் பார்ப்பது, எங்கெங்கே சறுக்கும் என்பதைப் பெற்றோரும் சபைக் குழுவினரும் யோசிக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

எவற்றை வைத்து முடிவு செய்யக்கூடாது என்பதை முதலில் சொல்லிவிடலாம். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுக்கும், வேதவசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை ஆண்டு முழுக்கத் தெம்பு தரட்டும். ஆனால் எரேமியாவின் அழைப்பைச் சொல்லும் வசனம் கையில் வந்துவிட்டது என்பதற்காக வேலையை விடக் கிளம்புவது சரியாகாது. அதே வசனம் பக்கத்து வரிசையில் எண்பது வயதுப் பாட்டியம்மாவுக்கும் வந்திருக்கக்கூடும்.

அடுத்தது பெற்றோரின் பொருத்தனை. பிள்ளை பிழைத்தால் ஊழியத்துக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று நேர்ந்துகொள்வது தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் பல தலைமுறையாக இருக்கும் வழக்கம். பிள்ளை பிறந்தால் கர்த்தருக்கே கொடுப்பதாக நேர்ந்துகொண்ட, வேதாகமத்தில் வரும் அன்னாளைத்தான் எல்லாரும் காட்டுவார்கள். அன்னாளின் மகன் சாமுவேலின் கதையை இன்னும் இரண்டு அதிகாரம் தள்ளிப் படித்தால், ஆலயத்திலேயே வளர்ந்த அந்தச் சிறுவனும் தன் காதால் கேட்க வேண்டியிருந்தது தெரியும். மூன்று முறை கூப்பிடும் சத்தம் கேட்டு, ஆசாரியர் ஏலிதான் கூப்பிடுகிறார் என்று எழுந்து ஓடுகிறான். மூன்றாம் முறைதான் ஏலிக்கே விஷயம் புரிகிறது. நான்காம் முறை சாமுவேல் பதில் சொல்கிறான். தாயின் பொருத்தனை இருந்தும், பிள்ளை தானே கேட்பதும், பெரியவர் ஒருவர் அதைப் புரிந்துகொண்டு வழிகாட்டுவதும் தேவைப்பட்டன. ஏலி தம் சொந்தப் பிள்ளைகளைக் கண்டிக்கத் தவறியவர். அப்படிப்பட்டவருடைய காதும் அங்கே தேவைப்பட்டது. பொருத்தனையை உடைத்தால் சாபம் வருமோ என்ற பயத்தில் இறையியல் கல்லூரிக்குப் போகும் பிள்ளை, முப்பத்தைந்து வயதில் சபையையும் வெறுத்து வீட்டையும் வெறுத்து நிற்பான். நேர்ந்துகொண்ட பெற்றோர் அதைப் பிள்ளையிடம் மறைக்க வேண்டாம். நாங்கள் ஜெபித்தோம், தீர்மானம் உன்னுடையது என்று சேர்த்துச் சொன்னால் போதும்.

அப்போஸ்தலர் 13ஆம் அதிகாரத்தில் பர்னபாவும் சவுலும் (பின்னாளில் பவுல்) அனுப்பப்படுகிறார்கள். அதற்கு முன்பே அவர்கள் அந்தியோகியா சபையில் ஓராண்டு முழுவதும் கூடிப் போதித்தவர்கள் என்று 11ஆம் அதிகாரம் சொல்கிறது. சபைக்கு அவர்களைத் தெரியும். அதனால்தான் சபை அவர்கள்மேல் கை வைத்து ஜெபித்து அனுப்பியது. ஒருவர்மேலும் சீக்கிரமாகக் கை வைக்காதே என்று தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதியதும், புதிதாக விசுவாசத்துக்கு வந்தவரைக் கண்காணியாக்க (சபைத் தலைவராக்க) வேண்டாம் என்றதும் இதே எச்சரிக்கைதான். வெளியாரிடம் நற்சாட்சி பெற்றவராக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறார். நம் வசதிக்காக அந்த வரியை மட்டும் வாசிக்காமல் விடுகிறோம். ஒருவர் தம் அலுவலகத்தில் எப்படி நடந்துகொள்கிறார், கீழ்வீட்டு மலாய்க் குடும்பத்தோடும் எதிர்வீட்டுச் சீனக் குடும்பத்தோடும் எப்படிப் பழகுகிறார் என்று எந்த நேர்காணல் குழு விசாரிக்கிறது?

1746ல், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் மாநாடு, பிரசங்கிக்க அழைக்கப்பட்டதாகச் சொல்பவர்களைச் சோதிக்க மூன்று கேள்விகளை வகுத்தது. சுருக்கமாகச் சொன்னால் கிருபை, வரம், கனி. கடவுளை அவர் உண்மையில் அறிந்திருக்கிறாரா, வேலைக்கான திறமை இருக்கிறதா, அவர் உழைப்பால் யாராவது மனம் திரும்பி நிலைத்திருக்கிறார்களா? சிங்கப்பூரில் மெதடிஸ்ட் ஊழியம் 1885ல் தொடங்கியது. இன்று 'ஆண்டு மாநாடு' எனப்படும் அதன் மூன்று நிர்வாகப் பிரிவுகளில் ஒன்று தமிழ்ச் சபைகளுக்கானது. ஆங்கிலிக்கன் சபையில் பேராயர் முதலில் டீக்கன் பட்டமும் பிறகு குருப்பட்டமும் தருவார். கத்தோலிக்கர்கள் இதை இறையழைத்தல் என்பார்கள்; அதற்கென்றே 1964 முதல் ஒவ்வோர் ஆண்டும் நல்லாயன் ஞாயிறன்று உலகெங்கும் ஜெபிக்கிறார்கள். முறை எதுவானாலும், பல பேர், பல ஆண்டு பார்த்துத் தீர்மானிப்பதில் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள். ஒரே மனிதர் கூட்ட முடிவில் 'நீ போதகன்' என்று அறிவித்துவிடும் சிறு சுயாதீன சபைகள்தான் இதில் கவலைக்குரியவை.

கிருபையை எப்படிச் சோதிப்பது? யாருடைய உள்ளத்தையும் திறந்து பார்க்க முடியாது. ஆனால் தனிஜெபமும் வேதவாசிப்பும் ஒருவரிடம் நிலைத்திருக்கின்றனவா என்பது ஓராண்டில் தெரிந்துவிடும். நம் வீடுகளில் பழைய கணக்கு ஒன்று உண்டு: வாரநாளில் மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து. வாரத்துக்கு 23, ஆண்டுக்கு 1,196. வேதாகமத்தில் இருப்பது 1,189. கணக்கு சரிதான். ஆனால் ஜனவரி 1ல் ஆதியாகமத்தைத் தொடங்குபவர், நான்காம் வாரம் முடியும்போது ஆதியாகமத்தின் 50, யாத்திராகமத்தின் 40 இரண்டையும் தாண்டி லேவியராகமத்தில் நிற்பார். பலிகளின் கொழுப்பு, தோலில் தோன்றும் தடிப்பு என்று போகும் அந்த 27 அதிகாரங்களில்தான் பலருக்கும் வண்டி நின்றுவிடுகிறது. சீனப் புத்தாண்டு விடுமுறையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். விட்டுப்போன பத்து நாளுக்கு முப்பது அதிகாரத்தை ஒரே சனிக்கிழமை படித்து முடிக்கப் பார்த்து, முடியாமல், அடுத்த ஜனவரிக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

இதைவிட நிலைக்கும் முறை, அந்த மூன்று அதிகாரத்தையும் மூன்று இடத்திலிருந்து எடுப்பது. பழைய ஏற்பாட்டில் ஒன்று, சங்கீதம் ஒன்று, புதிய ஏற்பாட்டில் ஒன்று. நான்கு சுவிசேஷங்களும் சேர்ந்து 89 அதிகாரங்கள்தான். மூன்று மாதத்தில் முடியும். சங்கீதங்கள் ஐந்து மாதத்தில் ஒரு சுற்று வரும். சங்கீதங்களை விட்டுப் பார்த்தால் பழைய ஏற்பாடு முடிய இரண்டு ஆண்டுக்குச் சற்று மேல் ஆகும், ஆகட்டும். தவறிய நாளைத் தவறியதாகவே விட்டுவிட்டு அன்றைய பகுதியிலிருந்து தொடர வேண்டும். சத்தமாக வாசிப்பது நல்லது. பழைய மொழிபெயர்ப்பின் நீண்ட வாக்கியங்கள் கண்ணைவிட வாய்க்குத்தான் பிடிபடும். நாளைக்குப் பிரசங்க மேடையில் வாசிக்கப் போகிறவருக்கு இது பயிற்சியும்கூட.

ஊழியத்துக்கு வர விரும்புகிறவருக்கு இன்னொரு பொறி இருக்கிறது. பேச வாய்ப்புகள் வர வர, பிரசங்கத்துக்குக் குறிப்பு எடுப்பதற்காக மட்டுமே வேதத்தைத் திறக்கும் பழக்கம் வந்துவிடும். வழிகாட்டும் மூப்பர் மாதம் ஒருமுறை ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: யாருக்கும் சொல்லும் எண்ணமில்லாமல் இந்த மாதம் எதைப் படித்தாய்? தடுமாறினால் திட்ட வேண்டாம். மேடை வாய்ப்பை ஆறு மாதம் குறைத்துவிடலாம்.

உபவாச ஜெபத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே பக்தி உயிர் விஷயமாகவும் ஆகிவிடுகிறது. காலையிலிருந்து பிற்பகல் வரை சாப்பிடாமல் நடக்கும் கூட்டத்தில் நீரிழிவு உள்ளவர்கள் நிச்சயம் இருப்பார்கள். இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிக்லசைடு, கிளிபிசைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் உணவைத் தவிர்த்தால் சர்க்கரை அளவு திடீரென்று இறங்கலாம். 4.0 மில்லிமோலுக்குக் கீழே போனால் ஆபத்து. கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். ஆராதனையின் உச்சத்தில் இந்த நடுக்கத்தை ஆவியானவரின் அசைவு என்று எடுத்துக்கொண்டு சுற்றி நின்று இன்னும் சத்தமாக ஜெபிப்பவர்கள் உண்டு. கூட்டத்தை நடத்துகிறவர் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்: மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் இருக்க வேண்டாம், அன்று இறைச்சியையோ தொலைக்காட்சியையோ விட்டால் போதும். யாருக்காவது அறிகுறி தெரிந்தால், விழுங்க முடிகிற நிலையில் இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 995ஐ அழைக்க வேண்டும். மருந்தை நிறுத்து, விசுவாசி என்று சொல்லும் ஒருவர் எவ்வளவு உருக்கமாக ஜெபித்தாலும் போதகராகத் தகுதியற்றவர் என்பது என் கருத்து.

வரத்தையும் கனியையும் மேடைக்கு வெளியேதான் பார்க்க வேண்டும். இரண்டு ஆண்டு ஞாயிறு பள்ளியில் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கட்டும். வெளிநாட்டு ஊழியர்கள் ஞாயிறு பிற்பகல் கூடும் ஐக்கியத்துக்குத் தேநீர் போடட்டும், நாற்காலி அடுக்கட்டும். மருத்துவமனைக்குப் போகட்டும். பலர் படுத்திருக்கும் வார்டில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்கக்கூடாது. கை கழுவிவிட்டுப் போக வேண்டும். தாதியிடம் கேட்டுவிட்டு அருகே செல்ல வேண்டும். உட்கார்ந்து நோயாளியின் கண் மட்டத்தில் பேச வேண்டும். என்ன வியாதி என்று கேட்கத் தேவையில்லை, அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். ஒரு சிறு சங்கீதம், நான்கைந்து வாக்கியத்தில் ஜெபம், பக்கத்துக் கட்டிலில் தூங்குபவர் எழாத குரலில். நோயாளிக்குப் பூசி ஜெபிக்கும்படி புதிய ஏற்பாட்டில் யாக்கோபு சொன்ன எண்ணெய் விரல் நுனியில் ஒரு துளி போதும். வெளியே வந்ததும் நோயின் பெயரோடு சபை வாட்ஸ்அப் குழுவில் 'ஜெபியுங்கள்' என்று போடுவதுதான் மிக அதிகமாக நடக்கும் தவறு. குடும்பத்தின் அனுமதி இல்லாமல் அது கூடாது. முதல் பெயரும் 'உடல்நலத்துக்காக' என்ற ஒரு சொல்லும் போதும், கடவுளுக்கு விவரம் தெரியும்.

எல்லாவற்றிலும் கடுமையான சோதனை துக்க வீடு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பெட்டி வைத்திருக்கும். வேலை முடிந்து உறவினர்கள் வந்து சேர இரவு எட்டு மணியாகும். ஒரே குடும்பத்தில் அண்ணன் கிறிஸ்தவர், தம்பி இந்து, மருமகள் சீனக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அக்கம்பக்கத்தவர் நிலக்கடலையைக் கொறித்தபடி மேசைகளில் உட்கார்ந்திருப்பார்கள். மைக்கைக் கையில் வாங்குமுன் ஊழியர் அறிந்திருக்க வேண்டியவை சில: இறந்தவரின் முழுப்பெயர், வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்கள், துணைவர் உயிரோடு இருக்கிறாரா, பிள்ளைகள் வயது வரிசையில் யார் யார், அவருக்குப் பிடித்த பாட்டு எது, நாளை வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும். தாளில் எழுதி மூத்த மகனிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும். பெயரைத் தப்பாகச் சொன்ன போதகரை அந்தக் குடும்பம் இருபது ஆண்டு கழித்தும் மறப்பதில்லை.

ஆராதனை அரைமணி, அதிகம் போனால் நாற்பது நிமிடம். இரண்டு பாட்டு, வேதவாசிப்பு, பத்து நிமிடச் செய்தி, ஜெபம். எல்லாருக்கும் தெரிந்த பழைய கீர்த்தனை ஒன்று இருந்தால் இந்து உறவினரும் கூடச் சேர்ந்து முணுமுணுப்பார்கள். பெட்டி மூடும் நேரத்தில் வாய்க்கரிசி போட வேண்டும் என்று யாராவது கேட்பார்கள். அதைப் பற்றி முந்தின இரவே குடும்பத்தின் மூத்தவரோடு தனியாக உட்கார்ந்து பேசிவிட வேண்டும். எல்லாரும் ஆளுக்கொரு கைப்பிடிப் பூவிதழ் தூவலாம் என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். மைக்கில் 'இது எங்கள் முறையல்ல' என்று அறிவிப்பவர் சட்டப்படி பேசியிருக்கலாம், மேய்ப்பனாகப் பேசவில்லை. இறந்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தீர்ப்புச் சொல்வதும், துக்கத்துக்கு வந்த மாற்றுச் சமயத்தாரைக் குறிவைத்துப் பேசுவதும் இன்னும் மோசம்.

சில விஷயங்களைக் குடும்பத்துக்கு எடுத்துச் சொல்ல ஆள் இருக்காது, ஊழியரைத்தான் கேட்பார்கள். மருத்துவர் சான்றளித்தவுடன் மரணம் தானாகவே பதிவாகிறது; 2022 மே மாத இறுதியிலிருந்து இதுதான் நடைமுறை. மின்னிலக்க மரணச் சான்றிதழை மை லெகசி இணையத்தளத்திலிருந்து 30 நாளுக்குள் பதிவிறக்கிக்கொள்ள வேண்டும். கீழ்த்தளத்துக்கு நகர மன்ற அனுமதி வேண்டும். ஈமச்சடங்கு நிறுவனத்தார் பொதுவாக வாங்கித் தருவார்கள். அடக்கம் செய்வதானால் சுவா சூ காங் மயானம் ஒன்றுதான் இன்று அடக்கங்களுக்குத் திறந்திருக்கிறது, கல்லறைக்கு 15 ஆண்டுதான் தவணை. அதன்பின் எலும்புகளை எடுத்துத் தகனம் செய்து சாம்பலை மாடத்தில் வைப்பார்கள். இதை முன்கூட்டித் தெரிந்துகொண்டால், மண்டாயில் நேரடியாகத் தகனம் செய்வதா என்று குடும்பம் நிதானமாக முடிவெடுக்கும். தகனம் உயிர்த்தெழுதலுக்குத் தடையாகுமோ என்று பாட்டிமார் இன்றும் கேட்கிறார்கள். மண்ணிலிருந்து உண்டாக்கியவருக்குச் சாம்பலும் தடையில்லை என்று பொறுமையாகச் சொல்லத் தெரிய வேண்டும்.

பிரசங்கம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, அதற்கு ஆலோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கலை மட்டும் குறிப்பிடுகிறேன். சிங்கப்பூர்வாசிகளில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020ல் 2.5. சபைகளிலும் இதைப் பார்க்கிறோம். அதனால் தமிழில் ஒருவர் பேச, பக்கத்தில் நின்று இன்னொருவர் ஆங்கிலத்தில் சொல்லும் வழக்கம் பரவியிருக்கிறது. அரைமணி நேரத்தில் பாதி மொழிபெயர்ப்பாளருக்குப் போய்விடும். பதினைந்து நிமிடத்துக்கான சரக்குதான் கொள்ளும். முப்பது நிமிடக் குறிப்போடு வருபவர் ஒரு மணி நேரம் நிற்பார், சிறுவர்கள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். வினைச்சொல் கடைசியில் வருவதால், பாதி வாக்கியத்தில் நிறுத்தினால் மொழிபெயர்ப்பாளர் திணறுவார். ஏழெட்டுச் சொல்லில் முடியும் முழு வாக்கியங்களாகப் பேசப் பழக வேண்டும். வசனக் குறிப்புகளையும் தலைப்பையும் வெள்ளிக்கிழமைக்குள் அவருக்கு அனுப்பிவிட வேண்டும். இதில் தேறுகிற இளைஞரிடம் சபைக்கு எதிர்காலம் இருக்கிறது.

பணத்தில் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்ப்பதும் சோதனையின் பகுதிதான். காணிக்கையை அன்றே, உறவினர் அல்லாத இருவர் சேர்ந்து எண்ணி, தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். போதகர் அந்த அறையில் இருக்கவே வேண்டாம். பேநவ் எனும் மின்பணமாற்று வழி வரும் காணிக்கை சபையின் யுஇஎன் எனும் பதிவு எண்ணுக்கே போக வேண்டும், யாருடைய கைப்பேசி எண்ணுக்கும் அல்ல. சிறு சபைகளில் பூசல் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. திருட்டு நடக்காமலே சந்தேகம் நடக்கும். திருத்தப்பட்ட சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டத்தின்படி 2022 நவம்பர் முதல், வெளிநாட்டிலிருந்து ஒரே தடவையில் 10,000 வெள்ளி அல்லது அதற்கு மேல் நன்கொடை வந்தால் தெரிவிக்க வேண்டும் என்பதும், சமய அமைப்பின் தலைவர், செயலாளர், பொருளாளர் குடிமக்களாகவோ நிரந்தரவாசிகளாகவோ இருக்க வேண்டும் என்பதும் பலருக்கு இன்னும் தெரியவில்லை. ஊரிலிருந்து பிரசங்கியாரை அழைப்பவர்கள், சுற்றுப்பயணியாக வந்து மேடையேறலாம் என்று நினைக்கக்கூடாது. மனிதவள அமைச்சின் அனுமதி அட்டை முன்னதாகவே வேண்டும். அது அதிகபட்சம் 60 நாளுக்குத்தான். திருமணம் நடத்திவைக்க, பதிவகத்தின் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். மணமக்கள் குறைந்தது 21 நாளுக்கு முன் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். இவற்றை வேதபாடத்தோடு சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் குடிமுழுகிப் போகாது.

படிப்பு விஷயத்தில் பெற்றோர் பயப்பட வேண்டியதில்லை. பதினேழு வயதில் ஒப்புக்கொடுத்தவன் தொழிற்கல்லூரியையோ தொடக்கக் கல்லூரியையோ விட வேண்டாம். முடிக்கட்டும், தேசிய சேவைக்குப் போகட்டும். இரண்டு ஆண்டு பாளைய வாழ்க்கை சோதிக்காத குணம் குறைவு. பிறகு பட்டப்படிப்பு, அதன்பின் குறைந்தது இரண்டு ஆண்டு சம்பளத்துக்கு வேலை. மேலதிகாரியின் ஏச்சு, மாதக் கடைசி, கடன் அட்டை எதையும் அறியாத போதகருக்கு, ஞாயிற்றுக்கிழமை எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் பாடு புரியாது. இறையியலில் முதுநிலைப் படிப்பு முழுநேரமாக மூன்று ஆண்டு. 1948ல் தொடங்கப்பட்டு இப்போது அப்பர் புக்கிட் தீமாவில் இருக்கும் டிரினிட்டி இறையியல் கல்லூரி இங்கே பல சபைகளுக்குப் பொதுவானது, ஆனால் அங்கே பாடமொழி தமிழன்று. தமிழில் இறையியல் படிக்க மதுரை அரசரடியில் 1969ல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரி போன்றவை இருக்கின்றன. இங்கே படிப்பவர் விடுமுறையில் சில வாரம் அங்கே தங்கிப் பயின்றால் தமிழும் வளரும். படிக்கும் காலத்தில் சபை அவரை மறந்துவிடுவதும் நடக்கிறது. மாதம் ஒரு தொகையும், மாதம் ஒரு தொலைபேசி அழைப்பும் சபைக் குழுவின் பொறுப்பு.

திருமணமானவர் என்றால் மனைவியின், அல்லது கணவரின், மனப்பூர்வமான சம்மதத்தைக் குழு தனியாகக் கேட்டறிய வேண்டும். தன் வீட்டை நடத்த அறியாதவன் சபையை எப்படி நடத்துவான் என்ற பவுலின் கேள்வி வீட்டாரைப் பற்றியதும்தான். போதகரின் மனைவி சம்பளமில்லாத இரண்டாவது ஊழியர் என்று சபை நினைத்துக்கொள்வதால் முறிந்துபோன குடும்பங்கள் உண்டு.

கடைசியாக, சபை செய்ய வேண்டியது. அழைப்பு தேறியபின் பணியில் அமர்த்தும்போது 'கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்று வாய்வார்த்தையோடு நிறுத்தும் சபைகளில்தான் இளம் போதகர்கள் மூன்றாம் ஆண்டில் காணாமல் போகிறார்கள். காணிக்கையில் ஒரு பங்கு, பண்டிகைக்கு ஒரு கவர் என்று கொடுத்தால் மத்திய சேம நிதி (மசேநிதி) சேராது. 55 வயதுக்குட்பட்ட குடிமகனுக்கு முதலாளியின் பங்கு 17 விழுக்காடு, ஊழியரின் பங்கு 20. அது இல்லாத போதகரால் வீவக வீடு வாங்குவது கடினம், அறுபத்தைந்தில் கையில் ஒன்றும் இராது. ஞாயிறு அவருக்கு வேலைநாள். ஆகவே திங்கட்கிழமை முழு ஓய்வு என்று எழுதிக் கொடுங்கள். அன்று மரணமோ மருத்துவமனை அவசரமோ தவிர வேறெதற்கும் அழைப்பதில்லை என்று சபையாருக்கும் அறிவியுங்கள். அவசர அழைப்புகளை எடுக்க மூப்பர் ஒருவரின் எண்ணை அறிவிப்புத் தாளில் அச்சிடுங்கள். தற்கொலை எண்ணத்தோடு யாராவது அழைத்தால் சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் 1767 எண்ணையும், வீட்டில் அடிஉதை என்றால் தேசிய வன்முறைத் தடுப்பு உதவித் தொலைபேசி எண் 1800 777 0000ஐயும் தருவதற்கு அந்த மூப்பருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சம்பளம், மசேநிதி, ஓய்வு நாள், ஆண்டு விடுப்பு, மருத்துவச் செலவு இவ்வளவையும் நியமனக் கடிதத்தில் எழுதி, பொருளாளரும் செயலாளரும் கையொப்பமிட்டு, ஆண்டுக் கூட்டத்தில் வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் பதிந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சபை மூப்பர்
உட்லண்ட்ஸ்